பாரிமுனையிலிருந்து சௌகார்பேட்டை வரை ஒரே நாளில்: எதை எப்போது பார்ப்பது?

நொய்யல்:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு நாள் மட்டும் சென்னையில் இருப்போம். காலை 8 மணிக்கு சென்ட்ரலில் இறங்கி, ராத்திரி அங்கேயே கோவை ரயில் ஏற வேண்டும். நான், அம்மா (68 வயது, முட்டி வலி), ஆறாவது படிக்கும் பையன். மயிலாப்பூர், மெரினா எல்லாம் பார்த்தாயிற்று. இந்த முறை ஜார்ஜ் டவுன் மட்டும்.

ஆக வேண்டிய வேலைகள்: தங்கை கல்யாணத்துக்கு 400 பத்திரிகை வாங்க வேண்டும். அம்மாவுக்குக் காளிகாம்பாள் கோயிலும் கந்தகோட்டம் முருகன் கோயிலும் பார்க்க வேண்டும். பையனுக்குச் சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு.

சென்ட்ரலுக்குப் பக்கம் என்பதால் காலையில் சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஆரம்பித்து, சாயங்காலம் பாரிமுனையில் முடிக்கலாம் என்று நினைத்தோம். வாடகைக் கார் எடுக்கலாமா? சனியா, ஞாயிறா?

ஏழுகிணறு:

திட்டத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். காலையில் கிழக்கே கடற்கரைப் பக்கம், சாயங்காலம் மேற்கே மின்ட் தெரு.

மின்ட் தெரு (பழைய பெயர் தங்கசாலை) காலை பதினோரு மணிக்கு முன்னால் சோம்பல் முறிக்கும் தெரு. ஷட்டரும் குப்பை வண்டியும்தான் பார்ப்பீர்கள். அங்கே சாப்பிட வேண்டியதில் முக்கால்வாசி சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வரும். கிழக்குப் பக்கம் இதற்கு நேர் எதிர். காளிகாம்பாள் கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். ஆர்மீனியன் தேவாலயமும் பிற்பகல் இரண்டரைக்குள் மூடிவிடும். நீங்கள் நினைத்தபடி வந்தால் இரண்டு பக்கமும் பூட்டைத்தான் பார்க்க நேரும். அதோடு, மின்ட் தெருவின் தெற்கு முனை பார்க் டவுனில் இருக்கிறது, அங்கிருந்து சென்ட்ரல் கூப்பிடு தூரம். ரயில் பிடிக்கிற ராத்திரியில் அது பெரிய சௌகரியம்.

கார் வேண்டவே வேண்டாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் கார் நகர்வதை விடக் கைவண்டி வேகமாகப் போகும், நிறுத்தவும் இடமில்லை. சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. மண்ணடியில் இறங்குங்கள். லிஃப்ட் உண்டு, அம்மாவுக்குப் படி ஏறும் வேலை இல்லை. வெளியே வருமுன் நிலையத்துக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. ஜார்ஜ் டவுன் முழுக்கப் பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய பொதுக் கழிப்பறையைத் தேடுவது சிரமம். மெட்ரோ நிலையங்களை விட்டால் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள்தான் கதி.

மண்ணடியிலிருந்து தெற்கு நோக்கி வாருங்கள். முதலில் தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள், பிறகு ஆர்மீனியன் தெருவில் தேவாலயம், அப்புறம் பிராட்வேயைக் கடந்து ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடைகள். வந்த வழியே திரும்ப வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

சனிக்கிழமை வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. கட்டடம் பார்க்கிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் ஞாயிறு காலை சொர்க்கம். பத்திரிகை வாங்க வருகிறவர்களுக்கு வீண்.

அச்சுக்கூடம்:

பத்திரிகை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆண்டர்சன் தெருவும் அதை ஒட்டிய பந்தர் தெருவும் காகிதத்தின் ஊர். கல்யாண அட்டை ஆண்டர்சன் தெருவில், நோட்டுப் புத்தகம், தாள் வகையறா பந்தர் தெருவில் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடைக்குள் போனதும் ஆல்பத்தைப் பிரித்துவிடுவார்கள். ஆல்பத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிடித்த மாதிரி இரண்டை உறையோடு கையில் வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, விலை உறையோடு சேர்த்தா, தனியா. நூறு அட்டைக்கு என்று சொல்லும் விலையில் சில கடைகளில் உறை சேராது.

இரண்டு, அட்டையின் மேல் பூச்சு. லேமினேஷன் போட்ட வழவழப்பான அட்டையில் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினால் ஒட்டாது. காய்ந்ததும் உதிர்ந்து உறைக்குள் தூளாகக் கிடக்கும், ஈரமாக வைத்தால் எழுத்தின் மேல் இழுவும். மஞ்சள் வைக்கிற வழக்கம் உள்ள வீடு என்றால் பூச்சில்லாத அட்டை, அல்லது மூலைகள் மட்டுமாவது பூச்சில்லாமல் இருப்பது நல்லது. கடையில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்று, எடை. அட்டையும் உறையும் சேர்ந்து 40 கிராம் என்று வைத்தாலே 450 அட்டை 18 கிலோ. முட்டி வலிக்கார அம்மாவோடு, பையன் கையைப் பிடித்துக்கொண்டு, 18 கிலோவைத் தூக்கி சௌகார்பேட்டை சுற்ற முடியாது. லாரி பார்சலில் கோவைக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள், அட்டைக் கடைகளுக்கு அது தினசரி வேலை. மழைக்காலம் என்றால் உள்ளே பிளாஸ்டிக் தாள் சுற்றச் சொல்லுங்கள். ரசீதில் மாடல் எண், எண்ணிக்கை இரண்டும் எழுதியிருக்க வேண்டும். மாதிரி அட்டை ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும், பார்சலைப் பிரிக்கும்போது ஒப்பிட அதுதான் சாட்சி.

ஏன் 450? 400 தேவைக்கு 400 வாங்கினால் பற்றாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறம் நேர் உட்கார்வதற்குள் பதினைந்து, இருபது அட்டை வீணாகும். இரண்டு நிறம் என்றால் இன்னும் கூடும். பெயர் எழுதும்போது தப்பாகிறவை தனிக் கணக்கு. பிறகு ஐம்பது குறைகிறது என்று வந்தால் அதே அட்டை, அதே சாயத்தில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஸ்கிரீன் போடும் கூலியும் ஐம்பதுக்கும் ஐந்நூறுக்கும் ஒன்றுதான்.

அச்சு அன்றே முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மை காய நேரம் வேண்டும். காயாமல் அடுக்கினால் ஒரு அட்டையின் எழுத்து அடுத்த அட்டையின் முதுகில் பதிந்துவிடும். அட்டையை இங்கே வாங்குங்கள், அச்சைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை பார்க்க நீங்கள் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். பல அச்சகங்கள் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில்தான் தமிழ் கோர்க்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்வார்கள். அப்போது ‘ஸ்ரீ’யும் ‘ஔ’வும் உடையும், ஒற்று காணாமல் போகும், உறவினர் பெயரின் முன்னெழுத்து மாறும். மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை மட்டும் தனியாக ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

கல்வெட்டு:

ஏழுகிணறு சொன்ன வழி சரி. காளிகாம்பாள் கோயிலுக்கு 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது, பையனிடம் சொல்லிக் கூட்டிப்போகலாம். தெரு குறுகல், செருப்பு விடும் இடத்தில் நெரிசல். வெள்ளிக்கிழமை கூட்டம் தாங்காது, சனி காலை பரவாயில்லை.

ஆர்மீனியன் தேவாலயத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், வாசல் அவ்வளவு அடக்கமானது. உள்ளே போனால் பிராட்வேயின் இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும். இப்போதுள்ள கட்டடம் 1772ஆம் ஆண்டினது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் அச்சானது இந்த ஊரில்தான். ‘அஸ்தரார்’ என்று பெயர். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இந்த வளாகத்திலேயே இருக்கிறது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, ஆறு மணிகள். ஆர்மீனியக் குடிகள் இங்கே இல்லாததால் வாராவாரம் பூசை கிடையாது, மணி மட்டும் ஞாயிறு காலை அடிக்கிறார்கள். அம்மா உட்கார நல்ல நிழல். அதே தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயமும் உண்டு. செவ்வாய்க்கிழமை அங்கே அந்தோணியாரைப் பார்க்க எல்லா மதத்தவரும் வரும் கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொள்ளும்.

பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். பட்டணம் கோயில் என்பார்கள். முதலில் இருந்த கோயில் இன்றைய உயர் நீதிமன்ற இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் கோட்டைக்கு எதிரே திறந்த வெளி வேண்டும் என்று ஆங்கிலேயர் 1757இல் இடித்துவிட்டு, பிறகு இங்கே மாற்று இடம் கொடுத்தார்கள். புரட்டாசியில் திருப்பதிக் குடை (திருப்பதி கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகும் குடைகள்) புறப்படுவது இங்கிருந்துதான். உங்கள் ‘அடுத்த மாதம்’ புரட்டாசி என்றால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடை யானைகவுனியைத் தாண்டும் நாளில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் வண்டி ஓடாது. குடை பார்க்கவே வருவதானால் அது வேறு கணக்கு.

உயர் நீதிமன்றம் 1892இல் கட்டியது. பையனிடம் அதன் உயர்ந்த கோபுரத்தைக் காட்டுங்கள். 1894இலிருந்து 1977 வரை கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் எரிந்தது. அதற்கு முன் இருந்த விளக்கு, 1844இன் கல்தூண், இன்னும் வளாகத்திலேயே நிற்கிறது. உள்ளே சுற்றிப் பார்க்க அனுமதி வேண்டும், ஆகவே சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மதியம் 12.30இலிருந்து 4 வரை கோயில் எதுவும் திறந்திருக்காது, வெயில் வேறு. அந்த நேரத்தைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கழியுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை திறந்திருக்கும். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி அங்கே இருக்கிறது. அடையாள அட்டை கொண்டுபோங்கள், வாசலில் சோதனை உண்டு.

ஏழுகிணறு:

கல்வெட்டு சொல்வது தனியாக வருகிற ஆளுக்குச் சரி. கோட்டைக்குள் போனால் வாசல் சோதனை, நடை, மாடிப்படி. முட்டி வலிக்கு அது ஆகாது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்காரட்டும். பையன் அடம்பிடித்தால் ஒருவர் மட்டும் கூட்டிப்போகலாம்.

அந்த மதிய நேரத்தில் அம்மாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு இடம் ராசப்ப செட்டித் தெரு, நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பேர்போனது. கந்தகோட்டம் அதே தெருவில்தான். நடை திறக்கும் வரை கடைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். திப்பிலி, அதிமதுரம், சுக்கு, கடுக்காய் எதுவானாலும் முழுசாக வாங்குங்கள், தூளாக வேண்டாம். தூளில் பழசும் கலப்பும் தெரியாது. முழுசில் பூச்சி அரித்த துளை கண்ணுக்கே தெரியும். ‘கடுக்காய்க்கு அகம் நஞ்சு, சுக்குக்குப் புறம் நஞ்சு’ என்பார்களே, கொட்டை நீக்கிய கடுக்காய் என்று கேட்டால் அப்படியே தருவார்கள். சுக்கின் தோலை வீட்டில் சீவிக்கொள்ளுங்கள்.

கந்தகோட்டம் சாயங்காலம் திறந்ததும் போனால் குளத்துப் படியில் காற்று வாங்கலாம். வள்ளலார் ‘ஒருமையுடன் நினது திருமலரடி’ பாடியது இந்த முருகனைத்தான். அவர் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருக்கிறது. அது வடக்கே கொஞ்சம் தள்ளி. உங்கள் நாளில் அதற்கு நேரம் இராது.

பேஜோ:

கடைசியாகச் சாப்பாட்டுக்கு வந்தோம். இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

மின்ட் தெருவில் தப்பு செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடுவது. மூன்று பேருக்கு எங்கேயும் ஒரு தட்டு, அதற்கு மேல் வேண்டாம். முதலில் லேசானது, நெய் கடைசியில்.

முறுக்கு சாண்ட்விச்சில் தொடங்குங்கள். ரொட்டிக்குப் பதில் இரண்டு சின்னத் தட்டை முறுக்கு, நடுவில் தக்காளி, வெள்ளரி, பீட்ரூட், பச்சைச் சட்னி. இந்தத் தெருக்களிலேயே பிறந்த பண்டம். கையில் வாங்கியதும் வாய்க்குப் போக வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் சட்னி ஊறி முறுக்கு நமத்துப்போகும், கடித்தால் எல்லாம் சட்டையில்.

அடுத்து காக்கடா ராம்பிரசாத். ஜிலேபி, ஆலு டிக்கி, பாதாம் பால். ஜிலேபி சட்டியிலிருந்து எடுத்தது வேண்டும், தட்டில் அடுக்கியது வேண்டாம் என்று கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பையனுக்கு டிக்கி காரமாக இருந்தால் இனிப்புச் சட்னியும் தயிரும் கூடுதலாகக் கேளுங்கள்.

முடிவு சீனாபாய் டிபன் கடை, என்.எஸ்.சி. போஸ் சாலை. மாலை ஆறு, ஆறரைக்கு மேல்தான். இட்லி, ஊத்தப்பம், அவ்வளவுதான் பட்டியல். குட்டி இட்லியைப் பொடியில் புரட்டி நெய்யில் குளிப்பாட்டித் தருவார்கள். ‘நெய் கம்மியா’ என்று கேட்டால் கொஞ்சம் குறைப்பார்கள், ஆனால் அதற்கு அங்கே போக வேண்டியதே இல்லை. நின்றபடிதான் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு அது முடியாது என்றால் பார்சல் வாங்கிக்கொண்டு நகர்வது நல்லது. நெய் ஆறினால் உறையும், அதனால் ரயிலில் ஏறும் வரை தள்ளிப்போடாதீர்கள், சென்ட்ரல் காத்திருப்பறையிலேயே பிரித்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம் அத்தோ. அது கிழக்கே, பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் என்ற தெருவில். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. வண்டிக் கடைகள் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் களைகட்டும். வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு தாளித்த எண்ணெய், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ (மெல்லிசான மொறுமொறு பொரியல் தட்டை) எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்த முட்டை மசாலாவை ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் ஒழுகும். சைவம் என்றால் சூப்பை விசாரித்துவிட்டு வாங்குங்கள், கடைக்குக் கடை மாறும். மொய்ங்கா என்பது அதே நூடுல்ஸ் சூப்பில் மிதந்து வருவது, வயதானவர்களுக்கு அதுதான் சுலபம்.

நொய்யல்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம்: சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தோ கிழக்கே, கந்தகோட்டமும் சீனாபாயும் மேற்கே. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் பிடிக்க முடியுமா? பர்மா பஜாரில் பையனுக்கு ஹெட்போன் வாங்கலாமா?

ஏழுகிணறு:

முடியும், ஆனால் அம்மாவை இழுத்துக்கொண்டு முடியாது. அந்த நேரத்தில் பாரிமுனையிலிருந்து மின்ட் தெருவுக்கு ஆட்டோ கூப்பிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வருகிறவர் நெரிசலுக்கும் சேர்த்துக் கேட்பார். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், நடைபாதை முழுக்கக் கடை. மீன்பாடி வண்டிக்காரர் (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) பின்னாலிருந்து குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிடுங்கள். பாரம் ஏற்றிய வண்டிக்குச் சட்டென்று பிரேக் பிடிக்காது.

இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும். இந்த முறை கந்தகோட்டம், மின்ட் தெரு, சீனாபாய், சென்ட்ரல். ஹெட்போன் பர்மா பஜாரில் வாங்குவதானால் மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். பெட்டியைப் பிரித்து உங்கள் போனிலேயே இணைத்து இரண்டு காதிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு. பில், வாரண்டி எதிர்பார்க்காதீர்கள். முதலில் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். ஒரு விலையைச் சொல்லி அவர் ஒப்புக்கொண்ட பின் வாங்காமல் நகர்வதுதான் அங்கே சண்டைக்கு இழுக்கும், வேண்டாம் என்றால் விலையே பேசாதீர்கள்.

அச்சுக்கூடம்:

ஆண்டர்சன் தெருவுக்குப் பதினொன்றுக்கு வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் வெளியூர் வியாபாரிகள் மொத்தமாக எடுக்க உட்கார்ந்துவிட்டால் 450 அட்டைக்காரரைக் கவனிக்க ஆள் இருக்காது. பக்கத்தில் பத்ரியன் தெருவில் பூ மார்க்கெட் இருக்கிறது. அம்மாவுக்கு மல்லி வேண்டுமானால் அங்கே முழக் கணக்கை விட உதிரி, எடைக் கணக்கில் வாங்குவது லாபம். முகூர்த்த நாளாக இருந்தால் விலையைக் கேட்டுவிட்டுப் பைக்குள் போடச் சொல்லுங்கள்.

பேஜோ:

அத்தோவை விட்டதில் எனக்கு வருத்தம்தான். பார்சல் வாங்கி ரயிலில் சாப்பிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பச்சைக் கோஸும் புளித்தண்ணீரும் சேர்ந்து மூன்று மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும், பெட்டி முழுக்கப் பூண்டு வாசனை வேறு. பர்மா பஜார் போகும்போது பேஜோ பாக்கெட் கண்ணில் பட்டால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிசாகத் தட்டிப் பொரித்தது, சீக்கிரம் நொறுங்கும், பையில் மேலாக வையுங்கள். காட்பாடி தாண்டும் வரை பையனுக்குக் கொறிக்க அது போதும்.